கவிழ்த்துப் பார்க்கும் அறை

ஜூலை.
பூமியின் கீழ்ப்பாதியில் குளிர்காலம்.
கோர்டோபாவுக்கு மேற்கே மலை இன்னும் விடியவில்லை.
நீர்த்தொட்டியின் சிவப்பு எண் மட்டும்
முப்பத்தேழில் நிற்கிறது,
காய்ச்சல் இல்லாத ஓர் உடம்பைப் போல.

உள்ளே பத்துக் கண்ணாடிக் குழாய்கள்.
ஒரு மணி நேரம் யாரும் தொடக்கூடாது.
மேசையில் சாயக்கூடாது. இழுப்பறையை அடித்துச் சாத்தக்கூடாது.
உறை ஊற்றிய பாலுக்குக் காட்டும்
அதே மரியாதை.

குழாயில் இருப்பவர்கள் ஆயிரத்து நானூறு பேர்.
சால்டாவின் பேருந்து ஓட்டுநர்,
தேர்வுக்கு முதல் நாள் கை நீட்டிய மாணவி,
ஊசியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தவர்கள் எல்லோரும்
கலந்து, எத்தனாலில் குளிர்ந்து, வடிந்து,
வைக்கோல் நிறமும் போய்
ஓர் எண் ஆகிவிட்டார்கள்: 4417.
அவர்களை முன்பே தனித்தனியாக விசாரித்தாகிவிட்டது.
கல்லீரல் கிருமி உண்டா, எச்.ஐ.வி. உண்டா என்று.
எனக்கு மிச்சம் ஒரே கேள்வி:
செத்த பாக்டீரியாவின் தோல் துணுக்கு ஏதும்
கூடவே வந்திருக்கிறதா?
கிருமி செத்தாலும் அதன் சட்டை சுடும்.
நரம்பில் ஏறினால் பல் கிட்டிப்போகும்.

உண்மையில் கேட்பது நானில்லை,
குதிரைலாட நண்டு.
செம்பு ஓடும் நீல இரத்தம் அதற்கு.
வட அட்லாண்டிக் கரையில் வரிசையாகக் கட்டி
முதுகை மடக்கி ஊசி குத்தி எடுத்தார்கள்.
பிறகு கடலில் விட்டார்கள்.
எத்தனை பிழைத்தன என்று
சீசாவின் சீட்டில் எழுதுவதில்லை.
கடலே இல்லாத இந்த ஊருக்கு
வெள்ளைப் பொடியாக வருகிறது.
தண்ணீர் விட்டால் விழிக்கும்.
அழுக்கின் வாடை பட்டால் உறையும்.
வேறொன்றும் தெரியாது அதற்கு.
நாற்பத்தைந்து கோடி ஆண்டுகளாக
அது போதுமாயிருந்தது.

நண்டுக்கு முன்னால் முயல்கள் இருந்தனவாம்.
நான் பார்த்ததில்லை.
பின்கட்டுக் கிடங்கின் சாவியை மட்டும்
இன்னமும் முயல் சாவி என்கிறோம்.

ஐம்பத்தெட்டு நிமிடம். ஐம்பத்தொன்பது.
ஒவ்வொன்றாக எடுத்து,
ஒரே வீச்சில், தலைகீழாக.
வழிந்தால் நல்லது. நின்றால் கெட்டது.
இந்த ஓர் அறையில்தான்
விழுவதற்கு மதிப்பெண்.

4417 நின்றது.
குழாயின் அடியைப் பற்றிக்கொண்டு
வௌவால் போல.

பயந்தவர்களுக்கு இரத்தம் உறையும் என்பார்கள்.
எனக்குக் கையுறைக்குள் விரல்தான் உறைந்தது.
அதன் இரட்டைக் குழாயும் நின்றது.
சுலேமா கதவிடுக்கில் தலையை நீட்டி,
"காதாமார்கா மருத்துவமனை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டது.
மூன்று பேர் காத்திருக்கிறார்கள். ஒருவனுக்கு நாலு வயது" என்றாள்.
பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசிக் குழாயில் வெறும் தண்ணீர்.
ஒன்றுமே கலக்காத, சும்மா இருக்கவேண்டிய தண்ணீர்.
கவிழ்த்தேன்.
அதுவும் நின்றது.

அப்படியானால் அழுக்கு
தண்ணீரில். அல்லது பிப்பெட் முனையில்.
அல்லது என்னிடம்.
ஆயிரத்து நானூறு பேரும் குற்றமற்றவர்கள் என்று ஆகவில்லை;
விசாரித்தவர் சரியில்லை என்று மட்டும் ஆனது.
பதிவேட்டில் எழுதினேன்: சோதனை செல்லாது.
காரணம் என்ற கட்டத்தில் சற்று நேரம் பேனா நின்றது.
பிறகு 'ஆய்வாளர்' என்று எழுதி
ரொமில்டா ஒயார்சாபல் என்று கையெழுத்திட்டேன்.

புதிய முனைகள். புதிய தண்ணீர்.
புதிய சீசா, அதாவது இன்னொரு நண்டு.
மறுபடியும் ஒரு மணி நேரம் யாரும் மேசையில் சாயவில்லை.
வெளியே ஆறிப்போன மாத்தேயை
சுலேமா தனியாகக் குடித்தாள்.
மலையின் மேல்விளிம்பு மட்டும் வெளுத்தது.

தண்ணீர் வழிந்தது.
4417 வழிந்தது, அதன் இரட்டையும்,
அவசரமே இல்லாமல், கண்ணாடியோடு ஒட்டி.
நானே வேண்டுமென்று அழுக்கிட்டு வைத்த குழாய் மட்டும்
நின்றது.
அதைப் பார்த்த பிறகுதான்
மற்றவற்றை நம்பினேன்.

கழிவுத் தொட்டியில் போடும்போதும்
அது தலைகீழாக
நின்றுகொண்டுதான் இருந்தது.